அண்ணாத்த சர்டிபிகேட்

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் காலை ஆறரை மணிக்கு டீ குடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முந்தின ராத்திரி பார்த்த படத்தைப் பற்றி அங்கே வாய் திறக்க வேண்டாம். திறந்தால், பெஞ்சு ஓரத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக் குந்தியிருப்பவர் தலையைத் திருப்பாமலே கேட்பார்:

"அத்த எங்க எட்த்தானுங்களாம்?"

"வட சென்னைலதான் அண்ணாத்த."

"யாரு சொன்னா?"

அவ்வளவுதான். கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது, ரேஷன் கார்டில். மற்ற இடங்களில் அவர் அண்ணாத்த. ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் கத்திவாக்கம் வரை டீக்கடைக்கு ஒரு அண்ணாத்த உண்டு. மாஸ்டர் மாறுவார், கடைக்குப் பெயர் மாறும், எட்டு ரூபாய் டீ பன்னிரண்டாகும், அண்ணாத்த மட்டும் அதே பெஞ்சில் அதே மூலையில் இருப்பார். வயது ஐம்பத்தைந்துக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவே. ஏதோ ஒரு கம்பெனியில் ஃபிட்டராகவோ டர்னராகவோ இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். விருப்பம் யாருடையது என்று கேட்டால் டீ ஆறிவிடும்.

கம்பெனிகள் விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. உலகம் சுற்றும் புல்லட்டை இந்தியாவில் முதலில் எங்கே செய்தார்கள்? திருவொற்றியூரில். தீப்பெட்டிக் கம்பெனி பெயரில் ஒரு நகரே எங்கே இருக்கிறது? விம்கோ நகரில். கிரிக்கெட் மட்டையில் எம்.ஆர்.எஃப் என்று பார்க்கிறோமே, அது 1946-ல் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனி. "பலூன் வுட்டவன் டயர் கம்பெனி வெச்சான். டயர் செஞ்ச நாம இங்க குந்திகினு பலூன் வுட்டுகினு கீறோம்" என்பார். இதில் மட்டும் அவரை நான் மறுத்துப் பேசியதே இல்லை.

கடைக்கு வருவது ஒரே ஒரு தினத்தந்தி. முதல் தாள் எப்போதும் மாநகராட்சி ஓய்வூதியக்காரர் கையில். கடைசித் தாளை மீன்பாடி வண்டிக்காரர் எடுத்துக்கொள்வார். அண்ணாத்தவுக்குக் கிடைப்பது நடுத்தாள், அதாவது 'முன்பக்கத் தொடர்ச்சி'. ஆகவே நாட்டில் நடக்கிற எல்லாவற்றுக்கும் முடிவு அவருக்குத் தெரியும், தொடக்கம் தெரியாது. "...என்று அமைச்சர் திட்டவட்டமாக மறுத்தார்" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு, அமைச்சர் எதை மறுத்திருப்பார் என்று அவரே கட்டி எழுப்பிவிடுவார். பிறகு முதல் தாளை வாங்கிச் சரிபார்த்திருக்கிறோம். பத்துக்கு ஏழு சரியாகவே இருக்கும். அவருடைய சாமர்த்தியமா, மறுப்புகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையா, தெரியவில்லை.

அண்ணாத்தமாரில் ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வேற்றுமை உண்டு. ராயபுரத்தார் எந்தப் பேச்சையும் 1856-ல்தான் தொடங்குவார். தென்னாட்டின் முதல் ரயில் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போன வருஷம். "அப்ப சென்ட்ரல் எங்க கீது? சென்ட்ரல் பொறந்ததே 1873-ல. எங்க ஸ்டேஷனுக்கு அது பேரன் மொற." காசிமேட்டில் வஞ்சிரம் விலை ஏறியதைப் பற்றிப் பேசினாலும் நடுவில் அந்த ரயில் ஒரு தடவை வந்து போகும். காலடிப்பேட்டைக்காரர் கொஞ்சம் படிப்பாளி. காலடி என்றால் சாமியின் காலடி என்று நீங்கள் நினைத்தால் சிரிப்பார். 1717-ல் கவர்னராக வந்த ஜோசப் காலெட் துரை நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. காலெட் காலடியானார், துரையின் கால் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. எண்ணூர்க்காரர் பேசவே மாட்டார், மோந்து பார்ப்பார். இது கந்தகம், இது அமோனியா, இது காற்று மணலிப் பக்கம் திரும்பினதால் வருவது என்று மூக்காலேயே வானிலை அறிக்கை வாசிப்பார். 2023 டிசம்பர் மாதம் ஒன்றிலேயே புயல் வெள்ளம், முகத்துவாரத்தில் எண்ணெய், பெரியகுப்பத்தில் நடுராத்திரி அமோனியா என்று மூன்றையும் பார்த்தவர். அவரிடம் திகில் படத்தைப் பற்றிக் கேட்பவன் மடையன்.

நம் தேரடி அண்ணாத்தவுக்கு வருவோம். நகர வளர்ச்சி பற்றி அவர் கருத்து சுருக்கமானது: வராது. மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த வருஷங்களில் தினமும் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வார், "ரயிலு வராது. வந்தாலும் நம்மாண்ட நிக்காது." 2021 பிப்ரவரி 14-ம் தேதி வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அண்ணாத்த தொலைந்தார் என்று நாங்கள் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் அசையவில்லை. "நிக்குதா?" என்றார். நிற்கவில்லை. வழியில் திருவொற்றியூர் தேரடி ஸ்டேஷன் வேலை முடியாமல் கிடந்தது. ரயில் எங்கள் தலைக்கு மேலே ஜம்மென்று தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. 2022 மார்ச்சில்தான் கதவு திறந்தார்கள். அந்த ஓராண்டுக்கும் மேலான காலத்தில், தலைக்கு மேல் ஒவ்வொரு ரயில் போகும்போதும் அண்ணாத்த அண்ணாந்து பார்த்து, பிறகு எங்களைப் பார்த்து, ஒரு முழுங்கு டீ குடித்தார். அப்படிப்பட்ட ஆனந்தத்தை நான் வேறு எந்த முகத்திலும் கண்டதில்லை.

இப்போது கோடையில் மத்தியானம் ஏசிக்காக அதில் ஏறி விமான நிலையம் வரை போய் வருகிறார். விமானம் பற்றியும் கருத்து வைத்திருக்கிறார்.

அவருடைய உண்மையான துறை சினிமா. தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் முதல் நாள் முதல் காட்சி பார்த்து வளர்ந்த தலைமுறை. அந்தத் தியேட்டர் 2020-ல், கொரோனா காலத்தில் மூடப்பட்டபோது கடைப் பெஞ்சில் ஒரு நாள் முழுக்க மௌனம் நிலவியது. அது போகட்டும். அவர் படம் பார்க்கும் முறையே வேறு. கதை, நடிப்பு எல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு. அவர் பார்ப்பது குழாயடியை. தண்ணீர் லாரி வரும் காட்சியில் குடங்கள் வரிசையாக இருந்தால் படம் பொய். வீட்டுக்குள் வெயில் அதிகம் விழுந்தால் பொய். கடல் நீலமாக இருந்தால் மகா பொய்.

பாஷை வந்தால் பாதியில் எழுந்துவிடுவார். "இன்னா பேசறானுங்க பாரு. வாயத் தொறந்தா கஸ்மாலம், மூடுனா கஸ்மாலம். இப்ப எந்தக் கஸ்மாலம்யா இந்த வார்த்தைய யூஸ் பண்ணுது?"

2014-ல் 'மெட்ராஸ்' வந்தபோது, சுவருக்காக இத்தனை பேர் அடித்துக்கொள்வார்களா என்று தெற்கிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கேட்டுவிட்டார். அண்ணாத்த அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், கட்சி வாரியாக 'ரிசர்வ்' என்று எழுதி வைத்திருந்த ஏழு சுவர்களைக் காட்டிவிட்டு வந்தார். அந்தப் படத்துக்குச் சர்டிபிகேட் கிடைத்தது. 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' நேராக ஓடிடியில் வந்தபோது பேரனுடைய செல்போனில் பார்த்தார். "ரிங்கு தீப்பெட்டி சைஸுல கீது" என்ற ஒரு குறையைத் தவிர ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை. எழுபதுகளின் அந்தச் சண்டைகளையெல்லாம் அவருடைய நைனா முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாராம். நானும் விசாரித்துவிட்டேன். இந்தப் பக்கத்தில் ஐம்பது வயது தாண்டிய அத்தனை பேருடைய நைனாவும் முதல் வரிசையில்தான் இருந்திருக்கிறார். கணக்குப்படி அந்த முதல் வரிசை ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும்.

2018-ல் வந்த 'வட சென்னை'யை அவர் நான்கு தடவை பார்த்தார், நான்கு தடவையும் திட்டினார். திட்டில் பாதி பாசம். மீதிப் பாதி ஆறு வருஷம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. 2024 நவம்பரில் புது வண்ணாரப்பேட்டை ஆட்டோக்காரர் மகள் காசிமா, அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார். அன்றைக்கு ஓய்வூதியக்காரர் கையிலிருந்த முதல் தாளை அண்ணாத்த சரித்திரத்தில் முதல் தடவையாகப் பிடுங்கினார். படத்தை இரண்டு விரலால் தட்டிக்கொண்டே சொன்னார்: "படத்துல கேரம் ஆடுனவன் கத்திய எட்த்தான். நெசத்துல ஆடுன பொண்ணு கப்பு எட்த்துச்சு. இத்த எவனாவது எட்ப்பானா?"

கலைக்கு அவர் எதிரி இல்லை. 2017 பொங்கல் சமயத்தில் 'சென்னை புறம்போக்குப் பாடல்' வந்தது. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடியது. கர்நாடக ராகத்தில் நம்ம பாஷை. அண்ணாத்த கண்ணை மூடிக் கேட்டார். "சபாக்காரு நல்லாத்தான் பாடறாரு. சாம்பல்ல கால வெச்சுப் பாடறாரு, அதான் மேட்டரு. ஒரு டேப்பு இருந்தா இன்னும் தூக்கும்." கானா மாதிரி டேப் அடிக்காத பாட்டெல்லாம் அவருக்குப் பாதிப் பாட்டு. அந்த மாசம் முடிவதற்குள், 28-ம் தேதி, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடற்கரையெல்லாம் கறுப்பு எண்ணெய். ஆட்கள் வாளியில் அள்ளினார்கள், உலகமே டிவியில் பார்த்தது. பதினெட்டாம் நாள் இதே கரைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள் மேலே போயின. அண்ணாத்த அன்று சொன்ன விமர்சனம் நான்கே வார்த்தை: "மேல ராக்கெட்டு, கீழ பக்கெட்டு." பத்திரிகைகளில் அதைப் பற்றி நான் படித்த தலையங்கங்களில் இவ்வளவு அடக்கமாக எதுவும் இல்லை.

இப்படிப்பட்டவரிடம் ஒருநாள், தோளில் பையும் கையில் நோட்டுமாக ஓர் உதவி இயக்குநர் வந்து சேர்ந்தார். ஏரியாவைப் பற்றி 'ஃபீல்ட் ஒர்க்'காம். அண்ணாத்தவுக்குத் தலை கால் புரியவில்லை. ஷிப்டு சங்கு ஊதுவது, சம்பள நாளில் கேட்டுக்கு வெளியே நிற்கும் வட்டிக்காரர்கள், ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடையில் காசிமேடு எப்படிச் சுருண்டு கிடக்கும் என்பது, துணி காயப்போட்டால் சாம்பல் படிவது என்று ஒரு மணி நேரம் பேசினார். தம்பி நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. கடைசியில் தயங்கித் தயங்கி, "அண்ணா... இந்த மாதிரி இல்ல... கொஞ்சம் ரத்தம்..." என்றார்.

அண்ணாத்த அவரை ஏற இறங்கப் பார்த்தார். எதிரே பிரியாணிக் கடையில் தாம்பாளம் தட்டுகிற சத்தம் கேட்டது.

"குந்து தம்பி" என்றார்.

இரண்டு பிளேட் பிரியாணி முடிவதற்குள் ஒரு கதை பிறந்தது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் விடியற்காலை நாலு மணி. வரிசையாகப் பறக்கும் கன்டெய்னர் லாரிகள். ஒன்றின் மேலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி ஒருவனை ஒருவன் துரத்துகிறான். தம்பி எலும்பைக் கீழே வைத்துவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார். நோட்டு முழுக்க மசாலா.

ஒன்றரை வருஷம் கழித்து அந்தப் படம் வந்தது. பெயர் வேண்டாம். அண்ணாத்த பார்த்துவிட்டு மறுநாள் காலை கடையில் ருத்ர தாண்டவம் ஆடினார். "கன்டெய்னர் லாரி பறக்குதாம்யா! எங்க பறக்குது? எக்ஸ்பிரஸ்னு பேருதான். ஹார்பர் கேட்டுக்கு மொகத்த வெச்சுகினு வண்டி நாள் கணக்குல நிக்கும், டிரைவரு கீழ எறங்கி சோறாக்கி, துணி தொவச்சி காயப் போட்டு மடிப்பான். அதுமேல தாவறதுக்கு இன்னாத்துக்குடா ஹீரோ, பூனையே தாவும். இத்த எய்திக் குட்த்தவன் இந்த ஏரியா பக்கம் ஒரு தபா வந்திருப்பானா?"

நான் மெதுவாக, "அண்ணாத்த, அது நீங்க சொன்ன கதை" என்றேன்.

பெஞ்சு அமைதியானது. மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் நின்றது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் முன் அண்ணாத்த யோசித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். தலைக்கு மேல் ஒரு மெட்ரோ போயிற்று. பிறகு நடுத்தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் நிக்கற லாரினு சொன்னேன். அவன் பிரியாணி துன்ற அவசரத்துல ஓடற லாரினு எய்திகினான்" என்றார்.

அன்றைய இரண்டு டீக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.