மலாக்காவில் பிறந்த ஹாலந்துத் தாத்தா

மலாக்கா மாநிலத்துக்குத் திடீரென்று ஒரு தாத்தாவும் ஒரு பாட்டியும் கிடைத்தார்கள். தாத்தா, ஹெக்டர் ஹெவல் என்ற காற்பந்து வீரருடையவர். பாட்டி, கேப்ரியல் பால்மெரோவுடையவர். வீரர்கள் மலேசியாவுக்கு ஆடத் தகுதி பெற, இருவரும் மலாக்காவில் பிறந்ததாக மலேசியக் காற்பந்துச் சங்கம் ஃபிஃபாவிடம் காகிதம் கொடுத்தது. ஃபிஃபா மூலப் பதிவேட்டைத் தேடிப் பிடித்துப் பார்த்தது. தாத்தா பிறந்தது நெதர்லாந்தின் தி ஹேக். பாட்டி பிறந்தது ஸ்பெயினின் சாந்தா குரூஸ் தெ லா பால்மா. 1641இல் டச்சுக்காரன் மலாக்காவைப் பீரங்கி வைத்துப் பிடித்தான். இந்த முறை ஒரு பிறப்புப் பத்திரமே போதுமானதாக இருந்தது.

இவர்களைப் போல மொத்தம் ஏழு பேர். மற்ற ஐவருக்கும் பினாங்கு, ஜொகூர், சரவாக் என்று பூர்வீகம் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டது. இவர்களோடு 2025 ஜூன் 10இல் புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4–0 என்று வீழ்த்தினோம். நாடே கூத்தாடியது. செப்டம்பரில் ஃபிஃபா தீர்ப்பு வந்தது: ஆவணங்கள் திருத்தப்பட்டவை. சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம், ஏழு பேருக்கும் ஓராண்டுத் தடை. சங்கம் இதற்கு வைத்த பெயர் ‘தொழில்நுட்பத் தவறு’. தாத்தாவைக் கண்டம் விட்டுக் கண்டம் தூக்கி வைப்பது தொழில்நுட்பம்தான், மறுக்கவில்லை.

இப்போது ஜாசின் பக்கம் வாருங்கள். தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளை. அப்பா அம்மா கல்யாணம் கோயிலோடு முடிந்தது, பதிவாகவில்லை. அல்லது அம்மாவுக்கே சிவப்பு ஐசி. பிள்ளைக்குச் சூராட் பெரானா, அதாவது பிறப்புப் பத்திரம், இல்லை. பதிவிலாகாவுக்குப் போனால், மூலப் பத்திரம் கொண்டு வா, மருத்துவச்சியைக் கொண்டு வா, மண்டோரைச் சாட்சிக்குக் கொண்டு வா என்பார்கள். மருத்துவச்சி செத்துப் பல காலம். தோட்டம் கைமாறி, பால்மரம் போய், செம்பனை வந்து, லயமே இடிந்துவிட்டது. ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள பொய்யாத விநாயகர் சன்னிதியில் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தாலும் கவுன்டரில் செல்லாது.

அந்த ஏழு பேரின் தாத்தா பாட்டிகளுக்கு மூலப் பத்திரம் கிடைக்கவில்லையாம். அதனால் மற்ற தகவல்களை வைத்துப் பதிவிலாகா நகல் கொடுத்ததாம். அந்த மூலத்தை ஃபிஃபா பெரிய சிரமமில்லாமல் எடுத்துவிட்டது. குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர் பன்னிரண்டு ஆண்டில் பத்தாண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், போதிய மலாய் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 19ஆம் விதி. அந்தப் பத்தாண்டும் ஏழு பேருக்கு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. எங்கள் பிள்ளைக்கு அது சுவர். பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிறான், மலாய் தண்ணீர்பட்ட பாடு, நெகாராகூ மனப்பாடம். ஆனால் கோல் போடுவானா என்று யாரும் பார்க்கவில்லையே!

தேடிப் பார்க்கிற நாடும் உண்டு. அமெரிக்காவில் கல்லூரிக் குழுவின் குவார்ட்டர்பேக் ஆட்டக்காரனைத் தேடிப் பயிற்சியாளர்கள் பள்ளித் திடலுக்கே போகிறார்கள், பெற்றோரின் வீட்டில் உட்கார்ந்து பேசுகிறார்கள். 2021 முதல் அந்த மாணவன் தன் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் பண்ணலாம். 2025 முதல் பல்கலைக்கழகமே அவனுக்குப் பங்கு கொடுக்கலாம். அதுவும் வியாபாரம்தான், புனிதம் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வியாபாரி சரக்கைத் தேடித் தன் ஊர்த் திடலில் இறங்குகிறான். நம்முடையவர்கள் டுரியான் துங்கலைத் தாண்டி, மெர்லிமாவைத் தாண்டி, தி ஹேக்வரை போனார்கள்.

இந்த மண்ணில் ஆள் இல்லாமலா? மலேசியா ஒரே ஒருமுறை ஒலிம்பிக் காற்பந்து ஆடியது, 1972 மியூனிக்கில். அமெரிக்காவை 3–0 என்று வென்ற அந்தக் குழுவுக்குத் தலைவர் எம். சந்திரன். ‘தவுக்கே’ சோ சின் ஆன் அலோர் காஜாக்காரர். 2010இல் இந்தோனேசியாவை வீழ்த்தி ஆசியான் கிண்ணம் கொண்டுவந்த குழுவின் பயிற்சியாளர் கே. ராஜகோபால். இவர்களில் யாருக்கும் தாத்தாவைக் கடன் வாங்கும் அவசியம் வரவில்லை.

சரி, சூராட் பெரானா உள்ள தோட்டத்துப் பையனாவது பிழைத்தானா? மலாக்கா யுனைடெட் 2016இல் பிரீமியர் லீக்கை வென்று மேலே வந்தது. அப்புறம் ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி. 2023 பருவத்துக்கு உரிமமே கிடைக்கவில்லை. அதே பருவத்தில் பெட்டாலிங் ஜெயா சிட்டியும் விலகிக்கொண்டது. அது இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் குழுவாக இருந்து பெயர் மாறிய குழு. முதலில் பெயர் போனது, பிறகு குழு போனது. அறிக்கை விட்ட தலைவர்கள் மட்டும் பத்திரமாக இருக்கிறார்கள். குருபோங்கில் ஹாங் ஜெபாட் அரங்கம் கம்பீரமாக நிற்கிறது. பள்ளி விட்டு வந்த பையன் அதைப் பார்த்துக்கொண்டே தொழிற்சாலைப் பேருந்தில் இரவு வேலைக்குப் போகிறான்.

அந்த ஏழு ஆட்டக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கூப்பிட்டார்கள், வந்தார்கள். உள்துறை அமைச்சுக்கு மட்டும் ஒரு விண்ணப்பம், மூன்று நகல் எடுத்தே அனுப்பத் தயார். ஏழு கோப்புகளையும் அந்த வேகத்தில் நகர்த்திய அதிகாரிகள் யாரோ, அவர்களை ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் மாற்றி அனுப்புங்கள். இங்கே அவர்களுக்கு வேலை சுலபம். எங்கள் பிள்ளைகளின் தாத்தா மலாக்காவில்தான் பிறந்தார், மலாக்காவில்தான் புதைந்திருக்கிறார். பிறந்த ஊரை யாரும் திருத்த வேண்டியதில்லை.