வழிநெடுக இலை போட்டு

தூத்துக்குடியிலிருந்து மதுரை எவ்வளவு தூரம் என்று அண்ணாச்சியிடம் கேட்டால் கிலோமீட்டரில் பதில் வராது. "கோவில்பட்டியில கடலைமிட்டாய், சாத்தூர்ல காராச்சேவு, விருதுநகர்ல எண்ணெய்ப் புரோட்டா. இது எதையும் திங்காம போனா மூணு மணி நேரம். தின்னுட்டுப் போனா நாளைக்கு" என்பார். எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக நான்குவழிச் சாலை போட்டு வருஷக்கணக்காகிறது. விர்ரென்று போய் இறங்கலாம். அண்ணாச்சி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். "பாரதி பிறந்த ஊரு, இங்கன இருந்தே கும்பிட்டுக்கிடுதேன். ஆனா வழியில திங்க என்ன வே இருக்கு?" எட்டயபுரத்துக்காரர்களும் அருப்புக்கோட்டைக்காரர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் அங்கே இறங்கிப் பார்த்ததே கிடையாது.

அண்ணாச்சிக்குப் பெயர் உண்டு, நமக்குத் தேவையில்லை. தாமிரபரணி புன்னக்காயலில் கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், திருச்செந்தூர் சாலையில் இருக்கிற ஆத்தூரில் தெருவுக்கு ஒருவராவது இப்படி உண்டு. முக்காணி, ஏரல், ஆறுமுகநேரிப் பக்கமும் பஞ்சமில்லை. ஏதோ ஓர் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஆபீஸ் என்பது யாருக்கும் நினைவில்லை. அந்த ஆபீஸ் அவரை மாற்றிப் போட்ட ஊர்களில் காலை இட்லிக்கு எந்தச் சந்துக்குள் போகவேண்டும் என்பது மட்டும் ஊருக்கே மனப்பாடம்.

பெருந்தீனிக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. தின்பது கொஞ்சம், விசாரிப்பதுதான் அதிகம். ஓட்டலுக்குள் நுழைந்தால் உட்காரமாட்டார். நேரே கல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். மாவு எப்போது ஆட்டியது, சால்னாவுக்குத் தேங்காய் அரைத்ததா பொரிகடலை அரைத்ததா என்று மாஸ்டரைக் கேட்பார். மாஸ்டர், உணவுப் பாதுகாப்பு ஆபீசரோ என்று பயந்து முதலாளியைக் கூப்பிடுவார். முதலாளி வந்ததும், அவருக்குச் சொந்த ஊர் எது, அவர் அப்பா எங்கே கடை வைத்திருந்தார் என்று விசாரணை சூடுபிடிக்கும். இதற்குள் கூடப் போனவன் சாப்பிட்டுக் கைகழுவியிருப்பான். அண்ணாச்சி கடைசியாக உட்கார்ந்து, இரண்டு புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மூன்று தரம் சால்னா வாங்கி, கண்ணை மூடித் தின்றுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "முந்தி மாதிரி இல்ல வே."

தூத்துக்குடி நைட் கிளப்பில் (ராத்திரிப் புரோட்டாக் கடைக்கு அங்கே அதுதான் பெயர், வெளியூர்க்காரர்கள் ஆசைப்பட வேண்டாம்) பொரித்த புரோட்டாவுக்கும் இதே தீர்ப்பு. மதுரைக் கறிதோசைக்கும் இதே. செங்கோட்டைக்குப் பக்கத்தில் பார்டர் கடைக் கோழிக்கும் இதே. ஒருமுறை புதிதாகத் திறந்த கடை ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். வாசலில் வாழைமரம் கட்டியது இன்னும் வாடவில்லை. தின்று முடித்து, "முந்தி மாதிரி இல்ல" என்றார். முந்தி அந்த இடத்தில் சைக்கிள் கடை இருந்தது.

திருநெல்வேலி இருட்டுக்கடை முன்னால் வரிசையில் நிற்பதை அவர் தரிசனம் என்றுதான் சொல்வார். நெல்லையப்பர் கோயிலுக்குள்ளும் போவார், அல்வா கைக்கு வந்த பிறகு. அல்வா ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று உலகமே சொல்கிறது. அண்ணாச்சி ஆற்றோடு இன்னும் கொஞ்சம் கீழே வருவார். பொதிகையில் பிறந்து 128 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு நெல்லையைத் தாண்டித்தான் ஆத்தூருக்கு வருகிறது. "அல்வாச் சட்டி கழுவுன தண்ணி வே நம்ம கொடிக்காலுக்குப் பாயுது. பிறகு வெத்தலை எப்படி இருக்கும்!" இதற்கு விஞ்ஞானத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்கப் போனால் வாயில் ஒரு வெற்றிலையை மடித்துத் திணித்துவிடுவார். அந்தக் காரத்தில் கேள்வி மறந்துபோகும்.

உண்மையில் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள வாழையிலையை விட்டுவிட்டு வெற்றிலையிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். மற்ற ஊர் ரசிகர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை. ஆத்தூர்க்காரருக்கு வெற்றிலைக்கு முன்னால் சாப்பாடு. எந்த ஊருக்குக் கிளம்பினாலும் ஈரத்துணியில் சுற்றிய ஒரு கவுளி வெற்றிலை பையில் ஏறிவிடும். பந்தி முடிந்து தாம்பாளத்தில் வருகிற வெற்றிலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், காம்பைக் கிள்ளி முகர்வார், மரியாதையாகத் திரும்ப வைத்துவிட்டுத் தன் பையை அவிழ்ப்பார். கும்பகோணத்தில் ஒரு கல்யாண வீட்டில் இப்படிச் செய்து, பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதுவரை இல்லாத ஒற்றுமையை உண்டாக்கியவர். 2023இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. இவர் மட்டும், "கவர்மெண்டு இப்பத்தான் வெத்தலை போட ஆரம்பிச்சிருக்கு போல" என்றார். அதே வருஷம் சோழவந்தான் வெற்றிலைக்கும் கிடைத்ததைப் பற்றிக் கேட்டேன். கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே வந்துவிட்டதாம்.

இந்த விஷயத்தில் அவருக்கு வெளிநாட்டுச் சாட்சியும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் ஊர்க்காரர்கள் எந்நேரமும் ஓர் இலையை மென்றுகொண்டே இருப்பதாக எழுதிவைத்தார். அந்தக் காயல் என்கிற பழையகாயல் ஆத்தூருக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆகவே அது நம்ம கொடிக்கால் இலைதான் என்பதில் அண்ணாச்சிக்குச் சந்தேகமே இல்லை. போலோ மேல் ஒரே ஒரு வருத்தம்: "வெனிஸ்ல இருந்து இம்புட்டு தூரம் வந்தவன், முத்து, குதிரை, ராசான்னு எல்லாத்தையும் எழுதிருக்கான். காயல்ல மத்தியானம் எங்க சாப்பிட்டான்னு ஒரு வரி எழுதலையே!"

அவரே போலோவாக இருந்திருந்தால் காயல்பட்டினத்தைத் தாண்டிப் போயிருக்கமாட்டார். அங்கே அவருக்கு ஒரு சிநேகிதர் உண்டு. "காக்கா, நம்ம வீட்டுக் கல்யாணம், களறிச் சாப்பாட்டுக்கு வந்துரணும்" என்று அழைப்பு வந்தால், முதல் நாளே ராத்திரிச் சோற்றைக் குறைத்துவிடுவார். நெய்ச்சோறு, களறிக் கறி, கத்தரிக்காய் மாங்காய். சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் எல்லோரும் தின்னவேண்டும். விசாரணைக்கு அங்கே நேரமில்லை. கேள்வி கேட்கிறவன் பக்கத்துக் கறி எதிரே இருக்கிறவன் பக்கம் போய்விடும். அண்ணாச்சி வாய் பேசாமல் சாப்பிட்டு நான் பார்த்தது காயல்பட்டினத்தில் மட்டும்தான்.

வீட்டில் மயினி பாடு வேறு. "ஊரு ஊராத் தின்னுட்டு வந்து, என் ரசத்துல பெருங்காயம் தூக்கலா இருக்குன்னு சொல்லுதாவ தம்பி. அடுப்பங்கரைக்கு எந்தப் பக்கம் வாசல்னு கேட்டுப் பாருங்க, தெரியாது" என்பார். அண்ணாச்சிக்குச் சர்க்கரை உண்டு. ஆத்தூரில் இருக்கும்வரை டாக்டர் சொன்னபடி காப்பியில்கூடச் சீனி கிடையாது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி முக்காணிக்குள் கால் வைத்துவிட்டால் வியாதி ஊரோடு நின்றுவிடும் என்பது அவர் நம்பிக்கை. அதற்கப்புறம் தூத்துக்குடி மக்ரூன் என்ன, முதலூர் மஸ்கோத் அல்வா என்ன! "மஸ்கோத் தேங்காய்ப்பால்ல கிண்டுதது வே, சீனியை விடத் தேங்கா சத்துதான் கூட" என்று நமக்கே வைத்தியம் சொல்வார். மக்ரூனை ஒருமுறை சைவச் சம்பந்தி வீட்டுக்கு வாங்கிப் போய், அவர்கள் டப்பாவைக் காலி செய்து பாராட்டிய பிறகு, முந்திரிப் பருப்பும் முட்டை வெள்ளைக்கருவும் அடிக்கிற பக்குவத்தை ரசித்து விளக்கினார். சம்பந்தி இன்னும் கடிதத் தொடர்போடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

சென்னையில் பேத்திக்குக் காதுகுத்து. செந்தூர் எக்ஸ்பிரஸில் மயினியோடு ஏறினார். விடிகாலை இருட்டில் கும்பகோணம் வந்தது. காப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினார். பிளாட்பாரத்துக் காப்பி அவருக்கு ஆகாது, ஸ்டேஷனுக்கு வெளியே போனார். ரயில் போய்விட்டது. மத்தியானத்துக்கு மேல் வேறு வண்டி பிடித்துச் சென்னை போய்ச் சேர்ந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாராம்: "பந்தி முடிஞ்சிட்டா?" தாய்மாமன் மடியில் உட்கார்ந்து பேத்தி அழுதது முடிந்திருந்தது, பந்தியும் முடிந்திருந்தது. மயினி அன்று பேசவில்லை. இவர் பேசினார்: "ரயில் நாளைக்கும் வரும். அந்த டிகாக்சன் வருமா?"

அதே செந்தூர் எக்ஸ்பிரஸ்தான் 2023 டிசம்பர் 17 ராத்திரி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. தண்டவாளத்துக்குக் கீழே மண் அரித்துப் போய், ஏறத்தாழ 800 பயணிகளோடு வந்த ரயில் நகர முடியவில்லை. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டிலும் வெள்ளம் சூழ்ந்திருக்க, பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். தமிழ்நாடே அந்தப் பயணிகளை நினைத்துப் பரிதாபப்பட்டது. பொறாமைப்பட்ட ஒரே ஆள் அண்ணாச்சி. "அந்த ரயில்ல நான்லா இருந்திருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணீர் வடிந்து பஸ் ஓட ஆரம்பித்ததும் புதுக்குடிக்குப் போய்விட்டு வந்தார். என்ன சமைத்துப் போட்டீர்கள் என்று ஒரு பெரியவரைக் கேட்டிருக்கிறார்.

"இருந்ததைப் போட்டோம்."

"இருந்ததுன்னா?"

பெரியவர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பசிச்சவன் கேக்கல. நீரு கேக்கீரு" என்றாராம். இதை அண்ணாச்சியே வந்து என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார், தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம். நாட்டுப்படகில் வருகிற கொஞ்ச மீனுக்காகப் புன்னக்காயல் கரையில் காலையிலேயே நிற்பார். சீலா கிடைத்தால் உண்டு. கிடைக்காத நாளில் வீட்டுக்குப் போகமாட்டார், ஆத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுவார். அந்த இரண்டு மாதம் அவர் தின்பது முழுக்க அடுத்தவர் சாப்பாட்டைத்தான், காதால். திருச்செந்தூருக்குப் போகிறவர்களே, வெற்றிலை வாங்க அங்கே இறங்கும்போது வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வந்து "எங்க சாப்ட்டிய?" என்று கேட்டால், கடைப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஏறிவிடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆரம்பித்தால் பஸ் போய்விடும்.