ஜாஸ் சேகரிப்பது எப்படி? (கேட்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்)

ஜாஸ் கேட்பது வேறு, ஜாஸ் சேகரிப்பது வேறு. கேட்பதற்கு ஒரு செல்போனும் அரை மணி நேரமும் போதும். அதில் கௌரவம் ஒன்றும் இல்லை. சேகரிப்பதற்கு அலமாரி வேண்டும், அபிப்பிராயம் வேண்டும். அபிப்பிராயம் முதலில் வந்துவிட வேண்டும், அலமாரியைத் தவணையில் வாங்கிக்கொள்ளலாம்.

முதல் இசைத்தட்டு எது என்பதில் உங்களுக்குச் சுதந்திரம் கிடையாது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மறுபேச்சில்லாமல் வாங்குங்கள். வாங்கிய கையோடு அதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசவும் பழகிக்கொள்ளுங்கள். "அது எல்லார் வீட்டிலும் இருக்குமே" என்று சொல்லத் தெரிந்த அன்றுதான் நீங்கள் சேகரிப்பாளர்.

அதிலும் எந்தப் பதிப்பை வாங்குவது என்று ஒரு சிக்கல் இருக்கிறது. நியூயார்க்கின் 30ஆம் தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த கட்டடத்தில் கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. 1959 மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள், இரண்டே நாளில் அங்கே மொத்த ஆல்பமும் முடிந்துவிட்டது. மார்ச் பதிவின்போது ஒரு டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பிலிருந்துதான் தட்டு அடித்தார்கள். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் சுருதி ஏறி ஒலித்தன. 1992இல்தான், உடன் ஓடிய இன்னொரு இயந்திரத்தின் டேப்பை எடுத்துச் சரிசெய்தார்கள். முப்பத்து மூன்று வருடம் உலகத்து ரசிகர்கள் அந்தப் பக்கத்தை ஏறிய சுருதியில் கேட்டுக் கண்மூடித் தலையாட்டியிருக்கிறார்கள். ஆகவே இரண்டையும் வாங்குங்கள். சரியான சுருதிக்கு ஒன்று, சரியான வருடத்துக்கு ஒன்று. இரண்டாவதுதான் விலை அதிகம்.

1959 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சார்ல்ஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ உம்', ஆர்னெட் கோல்மனின் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்', டேவ் ப்ரூபெக்கின் 'டைம் அவுட்' எல்லாமே அந்த வருடம்தான். பேச்சு எங்கே போனாலும் "ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு..." என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் பெருமூச்சு விடலாம். முடிக்கச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை.

இவற்றில் 'டைம் அவுட்' மட்டும் கொஞ்சம் ஆபத்தானது, ஏனென்றால் அது கேட்பவருக்குப் பிடித்துவிடுகிறது. அதிலுள்ள 'டேக் ஃபைவ்' எல்லாருக்கும் தெரியும். அது ப்ரூபெக்கின் மெட்டு என்று நினைப்பவர்களைத் திருத்தும் வாய்ப்பை விடாதீர்கள். அதை எழுதியவர் அவருடைய குழுவில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். அதன் ராயல்டியை அவர் உயிலில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். விருந்தில் நம் ஊர்க்காரர் யாராவது "இது நம்ம கண்ட சாபுதானே" என்பார். "கண்ட சாபு இரண்டும் மூன்றும், இது மூன்றும் இரண்டும்" என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் விரல் விட்டு எண்ணி முடிப்பதற்குள், 1958இல் அமெரிக்க அரசு அனுப்பிய சுற்றுப்பயணத்தில் ப்ரூபெக் குழு சென்னைக்கே வந்ததையும், பழநி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தை இங்கே கேட்டதையும் சொல்லிவிடலாம். அதற்குமேல் அந்த விருந்தில் உங்களை எதிர்க்க ஆளிருக்காது.

அடுத்தது ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனம். இங்கே நிதானமாக நடக்க வேண்டும், நிறையப் பேர் வீட்டை அடகு வைத்த இடம்.

1939இல் இந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஆல்ஃபிரட் லயன், ஜெர்மனியிலிருந்து வந்தவர். அவருடைய பெர்லின் நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டு, பதிவு நடக்கும்போதே படம் எடுப்பார். அந்தப் படங்களைத் தாறுமாறாக வெட்டி, பெரிய எழுத்துகளைப் பக்கத்தில் நிறுத்தி, உறைகளை வடிவமைத்தவர் ரீட் மைல்ஸ். இன்றைக்கு உலகம் முழுக்கச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்படும் அந்த உறைகளைச் செய்தவருக்கு ஜாஸில் பெரிய ஈடுபாடு கிடையாது. அவர் ஆசையாகக் கேட்டது மேற்கத்திய செவ்வியல் இசை. உறைக்காகவே தட்டு வாங்கத் தொடங்கும் புதியவர் இதை நினைத்து ஆறுதல் கொள்ளலாம்.

ஒலிப்பதிவு ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதகர். 1950களில் அவர் பதிவுசெய்தவற்றில் பெரும்பாலானவை நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில், அவருடைய அப்பா அம்மா வீட்டு முன்னறையில் பிறந்தவை. ஒரு கண் பரிசோதகர் காதால் பதிவுசெய்ததை இன்றைய சேகரிப்பாளர்கள் கண்ணால் பரிசோதிக்கிறார்கள். அதைத்தான் நீங்களும் கற்க வேண்டும்.

தட்டை ஓடவிடாதீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். நடுவிலுள்ள லேபிளில் நிறுவனத்தின் முகவரி என்ன? லெக்ஸிங்டன் அவென்யூ என்றால் மூச்சை இழுத்துப் பிடியுங்கள். மேற்கு 63ஆம் தெரு என்றாலும் பரவாயில்லை, பிடித்தே வையுங்கள். லிபர்ட்டி என்று இருந்தால் விட்டுவிடலாம். அது நிறுவனம் கைமாறிய பிறகு வந்தது. அடுத்து, லேபிளைச் சுற்றி ஆழமான வளையப் பள்ளம் இருக்கிறதா? பாட்டு முடிந்த பிறகு வரும் வெற்றுப் பகுதியில் வான் கெல்டரின் 'ஆர்விஜி' என்ற முதலெழுத்துகள் இருக்கின்றனவா? பக்கத்தில் குட்டியாக, காது மாதிரி வளைந்த ஒரு குறி? அது தட்டு அடித்த பிளாஸ்டிலைட் ஆலையின் 'பி' எழுத்து. சேகரிப்பாளர்கள் அதற்குக் 'காது' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்தப் பொழுதுபோக்கில் தவறாமல் இருக்க வேண்டிய காது அது ஒன்றுதான்.

எல்லாம் பொருந்திவிட்டால் விலை ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். ஹேங்க் மோப்லியின் 1568ஆம் எண் தட்டு அப்படிப்பட்டது. அது அபூர்வம் என்று சொன்னால் போதும், நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. (நன்றாகவே இருக்கிறது. மறுபதிப்பில் குறைந்த விலையில் சிடியாகவும் கிடைக்கும். ஆனால் அது கேட்பவர்களுக்கு.)

ஒரு கட்டத்தில் உங்கள் சேகரிப்பு ரொம்ப இனிமையாக இருக்கிறது என்று யாராவது குற்றம் சாட்டுவார்கள். அதற்குத்தான் ஆர்னெட் கோல்மன் இருக்கிறார். அவர் வாசித்தது பிளாஸ்டிக் சாக்ஸபோன். 1960 டிசம்பரில் பதிவான 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தில் இரண்டு நால்வர் குழுக்கள், ஒன்று இடது ஸ்பீக்கரில், ஒன்று வலது ஸ்பீக்கரில், கிட்டத்தட்ட முப்பத்தேழு நிமிடம் ஒரே மூச்சில். விருந்தினர் முன் இதைப் போடும்போது தொடையில் தாளம் போடாதீர்கள், உங்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்துவிடும். யாரும் எதிர்பாராத இடத்தில் ஒரே ஒரு முறை லேசாகச் சிரியுங்கள். அதுவரை தைரியமாக இருந்தவரும் கலங்கிவிடுவார்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிற்கவைத்து அடுக்குங்கள், படுக்கவைத்தால் வளையும். கடலோர ஊர் என்றால் உறையில் பூஞ்சை வரும். அதைப் 'பழமை' என்று சொல்லிக்கொள்ளலாம். அகரவரிசை நூலகர்களுக்கு, நீங்கள் வெளியீட்டு எண்படி அடுக்குங்கள், வேறு யாராலும் எதையும் தேடி எடுக்க முடியாது.

நேரடிக் கச்சேரிப் பதிவு ஒன்றாவது வேண்டும். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டில் பில் எவன்ஸ் மூவர் குழு வாசித்ததை வாங்குங்கள். பியானோவுக்குப் பின்னால் கண்ணாடிக் கோப்பைகள் மோதும் சத்தம் கேட்கும், யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள், ஒருவர் சிரிப்பார். அன்றைக்கு அங்கே சும்மா ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து அரட்டை அடித்தவர்களின் கோப்பைச் சத்தத்தைத் துல்லியமாகக் கேட்க, இன்று கனமான தட்டும் விலை உயர்ந்த ஊசியும் வாங்குகிறோம். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ இரண்டு வாரத்துக்குள் கார் விபத்தில் போய்விட்டார். வயது இருபத்தைந்து. பேஸ் என்றால் பின்னால் நின்று தாங்கிப் பிடிப்பது என்றிருந்ததை, பியானோவுக்கு எதிர்வாதம் பேசுகிற வாத்தியமாக்கிய விரல்கள் அவை. இந்த ஒரு தட்டுக்கு மட்டும் கையேட்டை மூடிவிடுங்கள். லேபிளைப் பார்க்க வேண்டாம்.

முடித்துவிட்டீர்களா? சரி, மறுபடியும் கௌரவத்துக்கு வருவோம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 'எல்லா அண்ட் லூயி' என்று 1956இல் ஒரு தட்டு வந்தது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் பாடியது, பின்னால் ஆஸ்கர் பீட்டர்சன் குழு. உறையில் இருவரும் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆம்ஸ்ட்ராங்கின் காலுறை கணுக்காலில் சுருண்டு கிடக்கிறது. புரட்சி கிடையாது, புதிய தாளம் கிடையாது. பட்டுக் குரல் ஒன்று, ஜல்லிக் குரல் ஒன்று, காதல் பாட்டுகள். இதைச் சிலாகித்து உங்களால் எந்த விவாதத்திலும் ஜெயிக்க முடியாது.

ஆனால் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் நீங்கள் எடுக்கப்போவது இதைத்தான். உறையின் ஓரம் தேய்வதைப் பார்த்தே விஷயம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் அலமாரியில் வைக்காதீர்கள். யாராவது பார்த்துவிட்டால் வீட்டுக்காரம்மாவுடையது என்று சொல்லிவிடுங்கள். அவர் தன் தோழிகளிடம் அது உங்களுடையது என்று முன்பே சொல்லிவைத்திருப்பார்.