ஏறி நிற்றல்: வீட்டுக் கொழுப்புமானி குறித்த ஓர் ஆய்வு

எடைக்கருவியின் வரலாற்றை இரு காலங்களாகப் பகுக்கலாம். ரயில் நிலையத்தில் வண்ண விளக்குகள் சுழல நின்ற இயந்திரம், காசை விழுங்கிவிட்டு, ஒரு பக்கம் எடையையும் மறுபக்கம் பலனையும் அச்சிட்ட அட்டையை உமிழ்ந்தது முதற்காலம். குளியலறை வாசலில் கண்ணாடிப் பலகையாய்க் கிடந்து, கொழுப்பு, தசை, நீர், எலும்பு, ‘உடல் வயது’ என முழு ஜாதகத்தையே கைப்பேசிக்கு அனுப்புவது இரண்டாம் காலம். இவ்விரண்டும் ஒரே குலத்தவை என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கமாகும்.

இரண்டாங்காலக் கருவி மெய்யாக அளப்பவை எடை, மின்தடை ஆகிய இரண்டே. உலோகத் தகடுகளின் வழியே, உடல் உணராத அளவிலான, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்க, நீர் மிகுந்த தசை அதற்கு வழிவிடுகிறது, நீர் குறைந்த கொழுப்பு மறிக்கிறது. அம்மறிப்பின் அளவோடு எடை, உயரம், வயது, பாலினம் ஆகியவற்றைச் சூத்திரத்தில் இட்டுப் பெறுவதே கொழுப்பு விழுக்காடு. மின்னோட்டம் பெரிதும் கால்களோடு திரும்பிவிடுவதால், ஆய்வுக்கு முதன்மையான தொந்தி, நேரில் விசாரிக்கப்படாமல் ஊகத்தாலேயே தீர்ப்பைப் பெறுகிறது. வயதை மாற்றிப் பதிந்தால் கொழுப்பும் மாறக்கூடும் என்பது, பிறந்த நேரம் பிழைத்தால் ஜாதகம் பிழைப்பதை ஒக்கும்.

எனினும் இக்கருவியைப் புறந்தள்ளுதல் தகாது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறைக் குறியெண், கொழுப்பையும் தசையையும் பிரித்தறியாது. 2004இல் லான்செட் இதழில் யாஜ்னிக், யுட்கின் என்னும் இரு மருத்துவர்கள் தம்மையே சான்றாக நிறுத்தினர்: இருவரின் குறியெண்ணும் 22.3, கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, புணேவாசியான யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லி என்னும் பெயரில் உலவும் இந்திய உடல்கள் பலவற்றுக்கு இது பொருந்தும்.

கருவியைத் தேர்வோர், அது எத்தனை எண்களைப் பேசுகிறது என்பதைவிட, பேசியதையே மீண்டும் பேசுகிறதா என்று நோக்க வேண்டும். அடுத்தடுத்து மூன்று முறை ஏறி இதனைச் சோதிக்கலாம்; ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறி, எடை அதே அளவு கூடுகிறதா என்றும் காணலாம்.

ஏறுவோர் மூவகையினர்: நாளுக்கு நான்கு முறை ஏறும் அடியவர்; எண் பிடிக்காவிடில் பலகையை வேறு தரைக்கல்லுக்கு நகர்த்தும் ஐயுறுவோர்; சுவரில் ஒரு விரலை ஊன்றி எடை குறைக்கும் சூழ்ச்சியர். ஒரு லிட்டர் நீர் அருந்தினாலே ஒரு கிலோ கூடும் என்பதை மூவரும் மறக்கின்றனர். காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில், வெறுங்காலுடன், சமமான கெட்டித் தரையில், வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் ஏறுவதே நெறி. இதயமுடுக்கி பொருத்தியவர் ஏறலாகாது.

இந்நெறிப்படி மூன்று மாதம் குறித்த எண்களின் போக்கே ரயில் நிலைய அட்டையின் எடைப்பக்கம் ஆகும்; ஒரு காலையில் தோன்றும் எண்ணோ, அது மகிழ்வித்தாலும் வருத்தினாலும், பலன் அச்சிட்ட பக்கமே.