எரிபொருள் விலையை யதார்த்தமாக, அதுவும் நமக்கு வசதியாக, வைப்பது எப்படி?

கணினி சிமுலேட்டரில் வர்ச்சுவல் ஏர்லைன் தொடங்கிவிட்டீர்கள், வாழ்த்துகள். சென்னைதான் தலைமையகம். நான்கைந்து ஏ320, ஓரிரண்டு ஏடிஆர். லோகோ தயார். பைலட்டுகளுக்குத் தோள்பட்டைக் கோடுகளும் பிரித்துக் கொடுத்தாயிற்று. காக்பிட்டில் ஒவ்வொரு சுவிட்சும் அசல் சத்தத்தோடு சொடுக்குகிறதா என்று வாரக்கணக்கில் சோதித்தவர் நீங்கள். மீனம்பாக்கத்தில் மழை பெய்தால்தான் உங்கள் திரையிலும் பெய்ய வேண்டும் என்று அடம்பிடிப்பவர். இப்போது மென்பொருள் ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டி, ‘எரிபொருள் விலை?’ என்று கேட்கிறது.

பதற்றம் வேண்டாம். மற்ற எல்லாவற்றிலும் யதார்த்தத்துக்கு நீங்கள் கட்டுப்பட்டீர்கள். இந்த ஒரு கட்டத்தில் அது உங்களுக்குக் கட்டுப்படட்டும். கீழே உள்ளவற்றில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள். மீதியையும் பழகிவிடுவோம்.

1. முதலில் லாபத்தை முடிவு செய்யுங்கள்.

விலையைத் தேடி அலையாதீர்கள். மாதக் கடைசியில் கல்லாவில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். டிக்கெட் வருமானத்திலிருந்து அதைக் கழியுங்கள். சம்பளம், குத்தகை, விமான நிலையக் கட்டணம் ஆகியவற்றையும் கழியுங்கள். மிஞ்சியதை மொத்த லிட்டரால் வகுத்தால் விலை வந்துவிடும். இந்திய விமான நிறுவனங்களின் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் எரிபொருளுக்கே போகிறது என்பார்கள். உங்களுக்கு 6 சதவீதம் வந்தால், அதற்குப் பெயர் நிர்வாகத் திறமை.

2. விலைக்கு ஓர் ஆதாரம் வேண்டுமா? டிவி செய்தியைப் பாருங்கள்.

தொடக்கக்காரர்கள் தெருமுனை பங்க்கில் எழுதியிருக்கும் பெட்ரோல் விலையைக் கொண்டுவந்து போடுவார்கள். அது நஷ்டம். ஜெட் ஏ-1 மண்ணெண்ணெய்க் குடும்பத்துச் சரக்கு. லிட்டர் கணக்கில் பெட்ரோலைவிட மலிவாக விற்ற காலங்களே அதிகம். ஸ்கூட்டருக்குப் போடுவதைவிட விமானத்துக்குப் போடுவது மலிவு என்று வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நீங்களும் சொல்லாதீர்கள்.

அதைவிட நல்ல எண், செய்தியில் சொல்லும் கச்சா எண்ணெய் விலை. அதை அப்படியே விமான எரிபொருள் விலையாக எடுத்துக்கொள்ளுங்கள். சுத்திகரிப்பு ஆலை தர்மத்துக்கு நடக்கிறது, கப்பல்காரர் புண்ணியத்துக்கு ஓட்டுகிறார், விமான நிலையத்தில் குழாய் பதித்தவர் பொழுதுபோக்காகப் பதித்தார். 2022இல் கச்சாவுக்கும் ஜெட் எரிபொருளுக்கும் இருந்த இடைவெளி அகலத் திறந்துகொண்டு நிறுவனங்களைப் படுத்தியது. உங்கள் உலகில் அந்த இடைவெளிக்கு இடமே இல்லை.

தைரியசாலிகளுக்கு ஒரு கூடுதல் யோசனை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க டபிள்யூடிஐ கச்சாவின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. சேமித்துவைக்க இடமில்லாததால், வாங்கிக்கொள்பவருக்குப் பணம் கொடுக்கும் நிலை. சிமுலேட்டரின் தேதியை அந்த நாளில் நிறுத்திவிடுங்கள். இனி டேங்க்கை நிரப்பும்போதெல்லாம் வருமானம். நிரப்புங்கள், காலி செய்யுங்கள், மறுபடி நிரப்புங்கள். விமானம் எழும்பக்கூட வேண்டாம். அன்று எந்த விமானத்துக்கும் யாரும் அப்படிக் காசு கொடுத்து எரிபொருள் ஊற்றவில்லை என்பது உண்மைதான். அதைக் கேட்க உங்கள் நிறுவனத்தில் தணிக்கையாளர் யார் இருக்கிறார்?

3. அலகை எழுதாதீர்கள்.

இது மிக முக்கியம். எண்ணைப் போடுங்கள். கிலோவா, பவுண்டா, லிட்டரா, அமெரிக்க காலனா, பீப்பாயா என்று மட்டும் சொல்லாதீர்கள். விற்பவர் லிட்டரில் விற்கிறார், பைலட் கிலோவில் எண்ணுகிறார், உலகச் சந்தை பீப்பாயில் பேசுகிறது, இந்திய விலைப் பட்டியல் கிலோலிட்டரில் வருகிறது. இத்தனை பேருக்கு நடுவில் ஒரு நல்ல மனிதர் எதையாவது எங்காவது சாதகமாகத் தொலைத்துவிட முடியும்.

முறை எளிது. பீப்பாய் விலையை டன் கட்டத்தில் போடுங்கள். 90 டாலர் என்று வையுங்கள். ஒரு டன் ஜெட் எரிபொருள் ஏறத்தாழ 7.9 பீப்பாய். ஒரு ஏ320 சென்னை–டெல்லிக்கு 6 டன் குடித்தால், அது 47 பீப்பாய், 4,200 டாலருக்கு மேல். உங்கள் கணக்கில் 540 டாலர். வேலை முடிந்தது.

அலகில் தவறினால் என்ன ஆகும் என்று பயமுறுத்துபவர்கள் 1983 ஜூலை 23ஐ இழுப்பார்கள். அன்று ஏர் கனடாவின் புத்தம் புதிய போயிங் 767 ஒன்றுக்கு 22,300 கிலோ தேவைப்பட்டது. லிட்டரை எடையாக மாற்ற 0.8க்குப் பதில் 1.77ஆல் பெருக்கினார்கள். 1.77 என்பது பவுண்டுக்கான எண். கிலோ என்று நினைத்துப் பவுண்டில் எண்ணியதால், தேவையில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பிவிட்டது. நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்றன. கிளைடர் ஓட்டிப் பழகிய கேப்டன் ராபர்ட் பியர்சன், மானிடோபாவின் கிம்லியில் கார் பந்தயத் திடலாகிப்போன பழைய விமானப்படை ஓடுபாதையில் அதை இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். நல்ல கதைதான். ஆனால் அவர்கள் தவறியது டேங்க்கில். நீங்கள் தவறுவது விலையில், அதுவும் எப்போதும் ஒரே திசையில்.

சென்னை மே மாத வெயிலில் எரிபொருள் விரிவதால் ஒரு லிட்டரின் எடை 2 சதவீதம்போலக் குறையும் என்று வரும் நுட்பக்காரரை வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

4. எல்லா ஊருக்கும் ஒரே விலை.

உலகம் ஒன்று, விலையும் ஒன்று. சமத்துவம்!

அசலில் எப்படி என்றால், 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது பெட்ரோல், டீசல், கச்சா, இயற்கை எரிவாயு ஆகியவற்றோடு விமான எரிபொருளையும் வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். அதனால் மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரி. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக 29 சதவீதம். ஒரு சதவீதத்துக்கு இறங்கிய மாநிலங்களும் உண்டு. இந்த வித்தியாசத்தை வைத்தே எந்த விமானத்தை எங்கே ராத்தங்க வைப்பது, எங்கே டேங்க்கை நிரப்புவது என்று அசல் நிறுவனங்களில் ஆட்கள் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் உடைத்துக்கொள்ளாதீர்கள். வரி என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டு, ‘விளையாட்டின் சமநிலை கருதி’ என்று கீழே எழுதிவிடுங்கள்.

இன்னும் கொஞ்சம் துணிச்சல் இருந்தால் இதைச் செய்யுங்கள். ஒரே விமான நிலையம், ஒரே குழாய், ஒரே எரிபொருள். ஆனாலும் இந்தியன் ஆயிலின் பட்டியலில் உள்நாட்டுப் பறப்புக்கு ரூபாயில் ஒரு விலை, வெளிநாட்டுப் பறப்புக்கு டாலரில் வேறு விலை. வெளிநாடு போகும் விமானத்துக்கு வாட் கிடையாது. ஆகவே உங்கள் விமானங்கள் எல்லாமே வெளிநாட்டு விமானங்கள். மதுரை விமானத்தைப் பாக் நீரிணை மேல் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு இறக்குங்கள். கூடுதலாக எரிந்ததற்கு மூன்றாவது படியில் பார்த்த விலைதானே!

5. இப்போது ஒரே ஓர் ஊரில் மட்டும் விலையைப் பாதியாக்குங்கள்.

நான்காவது படிக்கு முரண் என்று நினைக்கிறீர்களா? கொள்கை என்பது பைலட்டுகளுக்கு. அந்த ஊரில் டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பி, ஊர் ஊராகக் கொண்டுபோய் உபயோகிக்கச் சொல்லுங்கள். அசல் நிறுவனங்களும் இதைச் செய்கின்றன. ஆனால் அங்கே கூடுதலாகச் சுமக்கும் ஒவ்வொரு டன்னிலும் மணிக்குச் சுமார் 30 கிலோ, சுமப்பதற்காகவே எரிந்துபோகும். தரையிறங்கும்போது எடை வரம்பு என்று ஒன்றும் குறுக்கே நிற்கும். உங்கள் அமைப்பில் ‘கோளாறுகள்’ என்ற பொத்தானை அணைத்துவிட்டால் இரண்டும் போய்விடும்.

6. விலையை ஒருமுறை வையுங்கள், பிறகு தொடாதீர்கள்.

இந்தியாவில் மாதம் பிறந்ததும் 1ஆம் தேதி புது விலை வருகிறது. 2020 மே மாதத்தில் டெல்லியில் கிலோலிட்டர் சுமார் 21,500 ரூபாய். 2022 ஜூனில் 1,41,000ஐத் தாண்டியது. டெல்லியில் அதே 6 டன், அதாவது 7.5 கிலோலிட்டர் நிரப்பிச் சென்னைக்குக் கிளம்பும் விமானத்துக்கு 2020 மேயில் 1.6 லட்சம். இரண்டே ஆண்டில் 10.5 லட்சத்துக்கு மேல். 180 பேர் முழுசாக உட்கார்ந்திருந்தாலும், தலைக்கு 900 ரூபாயாக இருந்தது 5,900க்கு அருகில் போய்விட்டது.

இவ்வளவு ஆட்டத்தை யார் தாங்குவது? 2020 மே விலையை எடுத்து, ‘அடிப்படை விலை’ என்று பெயர் சூட்டுங்கள். அந்த மாதம் நாட்டில் பறக்க ஏறக்குறைய ஆளே இல்லை என்பதை மறந்துவிடுங்கள். டிக்கெட் விலையை மட்டும் 2022 ஜூனிலிருந்து எடுங்கள்.

மேலே ஓர் எரிபொருள் கட்டணமும் வசூலியுங்கள். இண்டிகோ 2023 அக்டோபரில் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து, எரிபொருள் விலை இறங்கியதும் 2024 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. இதில் முதல் பாதியை மட்டும் பின்பற்றுங்கள்.

7. விலையைப் பார்த்த பிறகு ஒப்பந்தம் போடுங்கள்.

பெரியவர்கள் இதை ‘ஹெட்ஜிங்’ என்பார்கள். நாளைய எரிபொருளுக்கு இன்றே விலை பேசி வைப்பது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 2000களில் இப்படிப் பேசிவைத்து, கச்சா 147 டாலரைத் தொட்ட 2008 வரை மற்றவர்கள் வயிறெரியச் சம்பாதித்தது. அதே ஆண்டின் பின்பாதியில் விலை சரிந்ததும் அந்த ஒப்பந்தங்களே கணக்கில் நஷ்டம் காட்டின. கேத்தே பசிபிக் 2015, 2016 ஆண்டுகளில், உயரத்தில் பேசிவைத்த விலையைக் கட்டிக்கொண்டு கோடிக்கணக்கான டாலர்களை இழந்தது. அவர்கள் செய்த பிழை ஒன்றே ஒன்று. என்ன நடக்கும் என்று தெரிவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நீங்கள் மாதம் முடியட்டும் என்று காத்திருங்கள். விலை ஏறியிருந்தால், ‘முன்பே பேசிவைத்திருந்தோம்’ என்று அறிவியுங்கள். இறங்கியிருந்தால் வாயைத் திறக்காதீர்கள்.

டெல்டா நிறுவனம் 2012இல் பென்சில்வேனியாவில் ஒரு சுத்திகரிப்பு ஆலையையே 15 கோடி டாலருக்கு வாங்கிப் போட்டது. உங்களுக்கு அதற்கு எக்செல்லில் ஒரு வரி போதும்.

8. கடன் சொல்லுங்கள். முடிவே இல்லாமல் சொல்லுங்கள்.

கிங்ஃபிஷருக்கு எண்ணெய் நிறுவனங்கள் ஒரு கட்டத்தில், கையில காசு வாயில தோசை என்று சொல்லிவிட்டன. 2012 அக்டோபரில் அது பறப்பதை நிறுத்தியது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸுக்கு இந்தியன் ஆயில் ஊற்ற மறுத்தது. 17ஆம் தேதியோடு அதன் விமானங்கள் நின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் பாக்கிக்காக ஏர் இந்தியாவுக்கே, அப்போது அரசு நிறுவனம், கொச்சி உட்பட ஆறு விமான நிலையங்களில் எரிபொருள் கிடைக்கவில்லை. இவ்வளவு யதார்த்தம் உங்கள் உடம்புக்கு ஆகாது. ‘கடன் வரம்பு’ என்ற இடத்தில் ஒன்பதுகளாகப் போட்டு நிரப்புங்கள், இடம் தீரும்வரை.

9. பைலட்டுக்கு அபராதம் போடுங்கள்.

விலை மலிவு, கடன் எல்லையற்றது. ஆனாலும் திட்டத்துக்கு மேல் 200 கிலோ எடுத்துக்கொண்ட பைலட்டைச் சும்மா விடக்கூடாது. சென்னையில் மழை, பெங்களூருக்குத் திருப்ப வேண்டி வந்தால் என்ன செய்வது என்று அவர் யோசித்திருப்பார். அந்த யோசனைக்குத்தான் அபராதம். சிக்கனம் மேலிருந்து வர முடியாதபோது கீழிருந்து வர வேண்டும்.

10. கேள்வி கேட்பவரைக் கௌரவியுங்கள்.

ஒரு நாள் யாராவது வருவார். பெரும்பாலும் கல்லூரிப் பையனாக இருப்பான். கையில் அந்த மாத விலைப் பட்டியல், நான்கு பெருநகரங்களுக்கும் தனித்தனியாக. ‘அண்ணா, நம்ம விலை எதோடயும் ஒத்துப்போகலையே’ என்பான். கோபப்படாதீர்கள், நீக்கவும் நீக்காதீர்கள். இன்னொரு வர்ச்சுவல் ஏர்லைனில் சேர்ந்து அங்கே சரியான விலையைப் போட்டுவிடுவான், அது தொற்றிக்கொள்ளும். அவனை அன்றே ‘எரிபொருள் துறைத் துணைத் தலைவர்’ ஆக்குங்கள். நான்கு கோடு கொடுங்கள், பெயருக்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு சின்னமும். விலையை மாற்றும் பாஸ்வேர்டை அவன் கேட்டால், ‘1ஆம் தேதி தர்றேன் தம்பி’ என்று சொல்லுங்கள். எந்த மாதம் என்று அவன் கேட்பதற்குள் மதுரை விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுங்கள்.