வாட்ஸைக் கேட்காதீர்கள், பெட்டியைக் கேளுங்கள்

பழைய ஹை-ஃபை பெட்டிகளுக்கு மாற்று ஸ்பீக்கர் தேர்ந்தெடுப்பது பற்றித் திருப்பரங்குன்றத்திலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகள்.

கே: அப்பா 1980களில் வாங்கிய சின்ன ஸ்டீரியோ பெட்டிகள் இரண்டும் பரணில் கிடந்தன. எடுத்துப் பார்த்தால் வூஃபரின் ஓரம் தொட்டாலே உதிர்கிறது. ஸ்பீக்கர் அவ்வளவுதானா? (சன்னதித் தெரு, திருப்பரங்குன்றம்)

ப: இல்லை. போனது ஓரத்து ஃபோம் வளையம் மட்டும். பாலியூரித்தேன் ஃபோம் காற்றின் ஈரத்திலும் வெப்பத்திலும் பதினைந்து, இருபது வருஷத்தில் தானாகவே மட்கிவிடும். பாட்டே போடாமல் வைத்திருந்தாலும் மட்கும். மதுரை வெயிலில் பரண் என்றால் கேட்கவே வேண்டாம்.

புது ஸ்பீக்கர் தேடுவதற்கு முன் இரண்டு சோதனை செய்யுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து முனைகளைத் தொடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் ஏறக்குறைய 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் என்றால் 3 முதல் 4 வரை. முள் அசையவே இல்லையென்றால் கோனுக்குப் பின்னால் உள்ள கம்பிச் சுருள், அதாவது காயில், அறுந்திருக்கிறது. அடுத்து, இரு கை விரல்களையும் கோனின் இரு பக்கமும் வைத்து, அதை நடுவில் நிறுத்தி, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய்த் திரும்பினால் காயில் நலம். சரசரவென்று உரசினால்தான் கவலை. இரண்டிலும் தேறிய ஸ்பீக்கரைக் கழற்றி எறிவது பாவம்.

கே: ஃபோம் வளையத்தை நானே ஒட்டலாமா? (திருநகர்)

ப: தாராளமாக. ஸ்பீக்கரின் சைஸைச் சொல்லி வளையம் வாங்காதீர்கள். கோனின் விளிம்பு விட்டம், சட்டத்தில் ஒட்டும் இடத்தின் விட்டம் இரண்டையும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. முதலில் கோனோடு ஒட்டி ஒரு ராத்திரி காயவிடுங்கள், பிறகு சட்டத்தோடு. வெள்ளைப் பசை போதும். உடனே பிடிக்கும் பசை வேண்டாம், கோன் ஒரு நூல் சாய்ந்தாலும் திருத்த அவகாசம் தராது. சட்டத்தோடு ஒட்டும்போது ஆம்பிலிருந்து 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகச் சன்னமாகக் கொடுத்தால் கோன் மெல்ல ஆடும். உரசல் கேட்கிறதா என்று காதைக் கொடுத்து, நகர்த்தி, நடுவில் நிறுத்தலாம்.

கே: காயிலே போய்விட்டது. மைக்செட் ஸ்பீக்கர் பழுது பார்ப்பவரிடம் கொடுக்கலாமா? (நிலையூர்)

ப: கொடுக்கலாம். சித்திரைத் திருவிழாவும் பங்குனித் தேரும் நடக்கிற ஊரில் காயில் மாற்றத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர் தினமும் பார்ப்பது கூட்டத்துக்குச் சத்தம் போடும் ஸ்பீக்கர்களை. அவற்றின் கோன் விறைப்பானது, ஓரம் முறுக்கானது. உங்கள் வீட்டுப் பெட்டியின் கோன் இளக்கமாக நெடுந்தூரம் ஆடவேண்டியது. கையிருப்பில் உள்ள கோனை ஒட்டித் தந்தால் ஸ்பீக்கர் பாடும், பேஸ் வராது. 'பழைய கோனையே வைத்துக் காயிலை மட்டும் மாற்றுங்கள், அதே விட்டம், அதே ஓம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த வேலைக்குக் கூலி கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.

கே: கடைக்காரர் '200 வாட்ஸ் இருக்கு, 300 வாட்ஸ் இருக்கு, எது வேணும்' என்கிறார். எதை எடுக்க? (அவனியாபுரம்)

ப: இரண்டையும் வைத்துவிட்டு வாருங்கள். வாட்ஸ் என்பது ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு. எப்படிப் பாடும் என்பதை அது சொல்லாது. வீட்டு அறையில் நிதானமாகக் கேட்க ஒன்றிரண்டு வாட்ஸே போதும்.

கே: சரி, வாட்ஸ் வேண்டாம். பிறகு எதைத்தான் பார்த்து வாங்குவது? (பசுமலை)

ப: இதுதான் கேள்வி. மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று கோனுக்குப் பின்னால் ஸ்பிரிங் போல வேலை செய்கிறது. ஆகவே ஸ்பீக்கரும் பெட்டியும் சேர்ந்துதான் ஒரே கருவி. எந்த ஸ்பீக்கர் எந்தப் பெட்டிக்குப் பொருந்தும் என்பதை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல் 1961இல் கணக்காக்கினார். 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து எழுதினார். இன்று நல்ல கம்பெனி ஸ்பீக்கர் எதை வாங்கினாலும் இந்த இருவர் பெயரிலான எண்கள் தகவல் தாளில் இருக்கும். அந்தத் தாள் இல்லாத ஸ்பீக்கரை ஹை-ஃபை பெட்டிக்கு வாங்காதீர்கள்.

முதலில் பெட்டியின் உள் அளவை எடுங்கள். அகலம் 16, ஆழம் 20, உயரம் 25 செ.மீ. என்றால் 8,000 கன செ.மீ., அதாவது 8 லிட்டர். தாளில் க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்று இரண்டு எண்கள் இருக்கும். வி.ஏ.எஸ். 10 லிட்டர் என்று வையுங்கள். பத்தை எட்டால் வகுத்தால் 1.25, ஒன்றைக் கூட்டினால் 2.25, அதன் வர்க்கமூலம் 1.5. இதைக் க்யூ.டி.எஸ்.ஸால் பெருக்குங்கள். க்யூ.டி.எஸ். 0.47 என்றால் விடை 0.7. பேஸ் சீராக இறங்கும், வாங்குங்கள். க்யூ.டி.எஸ். 0.8 என்றால் விடை 1.2. மிருதங்கத்தின் தொப்பி ஒலி ஒவ்வொன்றும் 'தும் தும்' என்று ஒரே சுருதியில் வீங்கும். விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம்.

இது முழுக்க மூடிய பெட்டிக்கான கணக்கு. முன்னாலோ பின்னாலோ குழாய் ஓட்டை இருந்தால் க்யூ.டி.எஸ். பொதுவாக 0.3 முதல் 0.45க்குள் இருக்கவேண்டும். குழாயின் நீளமும் புது ஸ்பீக்கருக்கு ஒத்துவர வேண்டும்.

இன்னொன்று. 'ஆறரை இஞ்ச்' என்று சொல்லும் ஸ்பீக்கர்களின் சட்டம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். பலகையில் வெட்டிய துளையின் விட்டம், திருகுத் துளைகளின் இடைவெளி, பின்பக்க ஆழம் மூன்றையும் அளக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். துளை பெரிதாக இருந்தால் பிளைவுட்டில் ஒரு வளையம் வெட்டிப் பொருத்திக்கொள்ளலாம். பழைய பெட்டியை அரத்தால் ராவவேண்டாம்.

கே: கார் ஸ்பீக்கர் விலை மலிவாக இருக்கிறதே, போடலாமா? (வில்லாபுரம்)

ப: கூடாது. பெரும்பாலும் அது 4 ஓம், கார்க் கதவின் திறந்த வெளிக்காகச் செய்தது. சின்னப் பெட்டியில் அடைத்தால் உறுமும். பின்பக்கம் '8 ஓம்' என்று எழுதிய பழைய ஆம்பும் சேர்ந்து சூடாகும்.

கே: ட்வீட்டர் மட்டும் மாற்றினேன். முன்பிருந்தது 8 ஓம், கிடைத்தது 4 ஓம். பாட்டில் நடுப்பகுதி காணாமல் போனது போல் இருக்கிறது. (ஹார்விபட்டி)

ப: காணாமல்தான் போயிருக்கிறது. உங்கள் பெட்டியைப் போன்ற சின்னப் பெட்டிகளில் ட்வீட்டருக்கு முன்னால் ஒரே ஒரு கெப்பாசிட்டர்தான் காவல் நிற்கும். அது 4.7 மைக்ரோஃபாரட் என்றால், 8 ஓம் ட்வீட்டரைச் சுமார் 4,200 ஹெர்ட்ஸிலிருந்து பாடவைக்கும். அதே கெப்பாசிட்டரில் 4 ஓம் ட்வீட்டரை மாட்டினால் எல்லை 8,400க்கு ஏறிவிடும். வூஃபர் விட்ட இடத்துக்கும் ட்வீட்டர் தொடங்கும் இடத்துக்கும் நடுவே பள்ளம். 8 ஓம் ட்வீட்டரையே தேடுங்கள். கூடவே டெசிபல் அளவையும் பாருங்கள். வூஃபர் 87, ட்வீட்டர் 92 என்றால் சகரமெல்லாம் சீறும். ரெசிஸ்டர் போட்டு ட்வீட்டரை அடக்கலாம். வூஃபரைவிடத் தணிந்த ட்வீட்டரைத் தூக்கிவிட வழியில்லை.

ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் இந்தக் கிராஸ்ஓவரைத் திறந்த கையோடு பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரையும் அளந்து பாருங்கள். முப்பது வருஷத்தில் அதன் மதிப்பு நகர்ந்திருக்கும். பலர் ட்வீட்டரைக் குறை சொல்லும் இடத்தில் குற்றவாளி அதுதான்.

கே: ஆம்ப் 10 வாட்ஸ்தான். 50 வாட்ஸ் ட்வீட்டர் எப்படிக் கருகியது? (தனக்கன்குளம்)

ப: சின்ன ஆம்பை முழுக்கத் திருகினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் பாட்டில் இல்லாத உச்ச ஒலிகள் கிளம்பி நேரே ட்வீட்டரில் போய் விழும். அடுத்த ட்வீட்டரையும் காவு கொடுப்பதற்கு முன் வால்யூமைக் குறையுங்கள்.

கே: ஒரு பக்கம்தான் கெட்டது. ஒன்று மட்டும் மாற்றினால் போதாதா? (பழங்காநத்தம்)

ப: அச்சு அசலாக அதே ஸ்பீக்கர் கிடைத்தால் போதும். இல்லையென்றால் ஜோடியாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் பாடகர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருப்பார்.

கே: பெட்டியின் குழாய் ஓட்டைக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. பாதகமா? (நிலையூர்)

ப: குழாய் அடைத்தால் பேஸ் மாறிவிடும். வூஃபரைக் கழற்றிவிட்டு மண்ணைச் சுரண்டி எடுங்கள். பாட்டு கேட்காத நேரத்தில் ஓட்டையில் ஒரு துணி உருண்டை இருக்கட்டும்.

கே: சின்னப் பெட்டியில் நல்ல ஒலி வரவே வராது என்கிறாரே நண்பர்? (திருநகர்)

ப: அவருக்கு எல்.எஸ். 3/5ஏ பற்றிச் சொல்லுங்கள். 1970களின் நடுவில் பி.பி.சி. தன் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த, ஷூ பெட்டியைவிடக் கொஞ்சமே பெரிய ஸ்பீக்கர். குரல் குரலாகவே கேட்கவேண்டும் என்பதற்காகச் செய்தது. அதில் கெஃப் கம்பெனியின் பி110 வூஃபரும் டி27 ட்வீட்டரும் இருந்தன, கிராஸ்ஓவரின் ஒவ்வொரு பாகமும் அந்த இரண்டுக்காகவே இழைக்கப்பட்டது. அவற்றை வடிவமைத்த மால்கம் ஜோன்ஸ் பின்னர் தொடங்கிய ஃபால்கன் நிறுவனம், அதே வார்ப்பில் மாற்று ஸ்பீக்கர்களை இன்றும் செய்கிறது. எண்கள் கிட்டத்தட்டப் பொருந்தினால் அங்கே போதாது. அசலின் குணம் அப்படியே வேண்டும். உங்கள் பெட்டி அவ்வளவு கறாரானதல்ல, ஆனால் பாடம் ஒன்றுதான்.

கே: புது ஸ்பீக்கர் சரியாகப் பொருந்தியதா என்று எந்தப் பாட்டைப் போட்டுப் பார்ப்பது? (சன்னதித் தெரு, திருப்பரங்குன்றம்)

ப: அதிரடிப் பாட்டு வேண்டாம். அது எல்லா ஸ்பீக்கரையும் நல்லதாகக் காட்டும். மனிதக் குரலைப் போடுங்கள். எம்.எஸ்.சுப்புலட்சுமி, டி.எம்.சௌந்தரராஜன் இருவரும் பிறந்த மதுரையில் இதற்குப் பஞ்சமா! டி.எம்.எஸ். மூக்கடைத்தவர் போலக் கேட்டால் வூஃபரும் ட்வீட்டரும் சந்திக்கும் இடத்தில் கோளாறு. அவர் குடத்துக்குள்ளிருந்து பாடினால் பெட்டிக் கணக்கில் கோளாறு. எம்.எஸ். மேல் ஸ்தாயியில் நிற்கும்போது காது கூசினால் ட்வீட்டரை அடக்குங்கள். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே குரல் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது.

கே: கழற்றிய பழைய ஸ்பீக்கர்களைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா? (பசுமலை)

ப: போடாதீர்கள். காயில் கருகியிருந்தாலும் சட்டமும் காந்தமும் அப்படியே இருக்கும். நல்ல கை கிடைக்கும் நாளில் அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுக்கலாம். எந்தப் பெட்டி, எந்தப் பக்கம், எத்தனை ஓம் என்று பின்பக்கம் எழுதி, துணியில் சுற்றி, பரணில் இல்லாமல் அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள்.