பல் டாக்டரின் சோகம்

சிகாகோவின் ப்ளூஸ் ஜாம் இரவுகளில் மேடையேறத் தகுதி எதுவும் கேட்க மாட்டார்கள். தாளில் பெயரையும் வாத்தியத்தையும் எழுதினால் போதும். அந்தத் தாளைப் படித்தாலே நிலவரம் தெரிந்துவிடும்: கிதார், கிதார், கிதார், ஹார்மோனிகா, மறுபடி கிதார். பேஸ் வாசிக்க ஒருவர் வந்துவிட்டால் ராஜ மரியாதைதான். வீட்டுக்குப் போகவே விடமாட்டார்கள்.

இசை என்னவோ எளிது. 12 பார், மூன்று கார்டு. “ஏ சுருதியில் ஷஃபிள், ஐந்தாம் சுரக் கார்டிலிருந்து எடு” என்பார் ஒருவர். எல்லாரும் ஐந்திலிருந்து எடுக்க, ஒருவர் மட்டும் ஒன்றிலிருந்து எடுப்பார். அவருடைய ஆம்ப்தான் அங்கே இருப்பதிலேயே சத்தமானது. ஆளுக்கு இரண்டு சுற்று சோலோ என்பது பேச்சு. கிதாரோடு மேடையேறிய பல் டாக்டர் ஒருவரோ ஆறாவது சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு உருகுகிறார். உணர்ச்சிவசம் என்று நினைத்துவிடாதீர்கள். நிறுத்தச் சொல்லி டிரம்மர் காட்டும் சைகை கண்ணில் படக்கூடாதே! ஹார்மோனிகாக்காரர் முறைக்கெல்லாம் காத்திருப்பதில்லை. பாடகர் மூச்சு வாங்கும் இடமெல்லாம் அவர் பட்டா நிலம்.

ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன் 1936-இல் பதிவுசெய்த ‘ஸ்வீட் ஹோம் சிகாகோ’ எப்படியும் வந்தே தீரும். நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்று அவர் வித்தை வாங்கினார் என்பது கதை. அப்படி வாங்கியவரே பாட்டை மூன்று நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டார். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் காலத்து இசைத்தட்டில் அதற்குமேல் இடமில்லை. டாக்டருக்குத் தட்டும் இல்லை, தடையும் இல்லை. தவணையில் கிப்சன் கிதார் வாங்கிய மனிதர், கடன் அடையும்வரை வாசிக்கத்தானே செய்வார்?